டாக்டர் மேஜையிலிருந்து மருந்துக் கவுண்டர் வரை

(நமது முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே, கொஞ்சம் சுருக்கி எழுதப்பட்டது.)



"நீ செய்யும் தொழிலைப் பற்றியே பேசு, ஆனால் புரியும்படி பேசு" என்று நம் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் இன்று ஒரு சின்ன விஷயத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாலைந்து அறை உள்ள ஒரு கிளினிக்கில், அல்லது பத்துப் பதினைந்து படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைத்து, திறமூல மென்பொருளைக் கொண்டு நடத்துவது எப்படி என்பதே அது. ஓப்பன் சோர்ஸ் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதைத்தான் தமிழில் திறமூலம் என்கிறோம்.

நான் இங்கே பி.எஸ்சி. இயற்பியல் முடித்தது 1991-ல். அப்போது நம் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயில் மாதிரி! உள்ளே ஏ.சி. இருக்கும், ஒரு மெஷினுக்கு நாலு பேர். அதே 1991-ல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக ஓர் இயக்கு தளத்தின் கருவை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். என் குடும்பம் பிற்காலத்தில் அதை வைத்துத்தான் சாப்பிடப் போகிறது என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு சீட்டின் பயணம்

முதலில் ஒரு நோயாளியின் சீட்டைப் பின்தொடர்ந்து போவோம். அவர் வரவேற்பில் பேர் சொல்கிறார். நோட்டில் எழுதுகிறார்கள், டோக்கன் தருகிறார்கள். நர்ஸ் எடை பார்த்து, பி.பி. பார்த்து, சீட்டில் எழுதுகிறார். டாக்டர் பார்த்து ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். லேபில் இன்னொரு நோட்டு. ரிசல்ட் இன்னொரு தாளில் வருகிறது. திரும்ப டாக்டர். பிறகு மருந்துக் கவுண்டர், அங்கே ஒரு பில். கடைசியில் கேஷ், அங்கே இன்னொரு பில்.

எண்ணிப் பாருங்கள். ஒருவருடைய பேர் குறைந்தது ஆறு இடத்தில் எழுதப்படுகிறது. வரவேற்பில் "முருகேசன்", லேபில் "முருகேஷ்", மருந்துக் கவுண்டரில் வெறும் "முருகன்". இவர் மூவரும் ஒருவரே என்பது கம்பவுண்டருக்குத் தெரியும். கம்பவுண்டர் அன்றைக்கு லீவு என்றால்?

இது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. "எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது சிஸ்டர்" என்று அந்த முருகேசன் போன வருஷம் சொன்னார். சிஸ்டரும் பொறுப்பாக அந்தச் சீட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார். அந்தச் சீட்டு எங்கே? வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த வருஷம் காய்ச்சலில் நினைவு தப்பி வருகிறார். கூட வந்த மருமகனுக்கு ஒன்றும் தெரியாது. பென்சிலின் ஒவ்வாமை சிலருக்கு உயிரையே வாங்கிவிடும் என்பது இங்கே இருக்கும் மருத்துவ நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தனியாக மேஜையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரால் இதைத் தீர்க்க முடியாது. அது விலை கூடிய டைப்ரைட்டர், அவ்வளவுதான். நர்ஸ் ஒரு முறை பதிந்தது டாக்டர் மேஜையிலும் மருந்துக் கவுண்டரிலும் சிவப்பில் தெரிய வேண்டும். அதற்குத்தான் நெட்வொர்க்.

வைத்தியரோடு போன சூத்திரம்

சரி, கடையில் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டால் போதாதா, திறமூலம் எதற்கு என்று கேட்பீர்கள்.

நம் கிராமங்களில் பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள். சிலர் மருந்துச் சூத்திரத்தைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். அவர் இருக்கும்வரை ஊருக்கு நல்லது. அவர் போனால் சூத்திரமும் கூடவே போகும். மூடிய மென்பொருளும் அப்படித்தான்.

தென் மாவட்டத்தில் ஒரு நர்சிங் ஹோம். அங்கே பதினோரு வருஷமாக ஒரு சிறிய நிறுவனத்தின் மென்பொருளில் எல்லாவற்றையும் பதிந்து வந்தார்கள். மெஷினின் பின்னால் டாங்கிள் என்று ஒரு சின்னப் பூட்டுச் சாவி செருகியிருக்கும், அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். ஒரு நாள் அந்த டாங்கிள் கெட்டுப்போனது. நிறுவனத்துக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். தகவல் எல்லாம் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது, ஆனால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய, அந்த நிறுவனத்துக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் இருக்கிறது.

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இது யார் வீட்டுச் சொத்து சார்? நான் பார்த்த நோயாளி, நான் எழுதின குறிப்பு. எனக்கே காட்ட மாட்டேங்குதே!"

அவருடைய நோயாளிகளில் இதய வால்வு மாற்றியவர்கள் சிலர் உண்டு. அவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தக் கட்டி. அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார்கள். அந்தப் பழைய அளவுகளின் வரிசைதான் டாக்டருக்கு வழிகாட்டி. அது மொத்தமும் உள்ளே மாட்டிக்கொண்டது. நோயாளிகள் வீட்டில் வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினோம். எல்லாம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தபோது வலியுறுத்தியது இதைத்தான். பயன்படுத்துகிறவனுக்கு மென்பொருளை இயக்கவும், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும். இதை "இலவசம்" என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்தது. சாவி நம் இடுப்பில் இருக்கிறதா, அடுத்தவன் இடுப்பில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

உலகம் செய்து பார்த்தது

இது ஏதோ கல்லூரிப் பையன்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 1970களின் பிற்பகுதியிலிருந்து டாக்டர்களும் புரோகிராமர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய அமைப்புதான் விஸ்டா. அரசுப் பணத்தில் எழுதியதால் அது பொதுமக்களுக்கும் கிடைத்தது. 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, ஊரில் எத்தனையோ பேருடைய காகித ஆவணங்கள் தண்ணீரில் போயின. ஊரை விட்டுப்போன முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவக் குறிப்புகளை மட்டும் வேறு ஊர்களில் இருந்த அவர்களுடைய மருத்துவமனைகளில் திறந்து பார்க்க முடிந்தது.

கென்யாவின் எல்டோரெட் நகரத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக 2004-ல் தொடங்கிய முயற்சி ஓப்பன் எம்.ஆர்.எஸ். அதை அடித்தளமாக வைத்து நம் நாட்டிலேயே பாம்னி என்ற மருத்துவமனை அமைப்பு உருவானது. சத்தீஸ்கர் மாநிலத்தில் கனியாரி என்ற கிராமத்து மருத்துவமனையில்தான் அதற்கு முதலில் உரைகல் போட்டார்கள். ஸ்பானியக் கணினி அறிஞரும் மருத்துவருமான லூயிஸ் ஃபால்கோன் 2008-ல் தொடங்கியது க்னூ ஹெல்த். சிறிய கிளினிக்குகளுக்கு ஏற்ற ஓப்பன் இ.எம்.ஆர். 2002-லேயே பொது உரிமத்தில் வந்துவிட்டது. எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைச் சேமித்துக் காட்டுவதற்கு பெல்ஜியத்தின் லியேஜ் மருத்துவமனையில் பிறந்த ஆர்தாங்க் இருக்கிறது. ஆக, நாம் புதிதாகச் சக்கரம் செய்ய வேண்டியதில்லை. பொருத்தத் தெரிந்தால் போதும்.

எப்படி அமைக்கிறோம்?

வரவேற்பு ஒன்று, டாக்டர் அறை இரண்டு, லேப் ஒன்று, மருந்துக் கவுண்டர் ஒன்று. ஆக ஐந்து இடம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை கேபிள். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் ஒரு கேபிள் கிளம்பி, ஸ்விட்ச் என்ற ஒரு பெட்டியில் வந்து சேரும். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நம் ஊர் நர்சிங் ஹோமுக்கு அது தாராளம். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்கக் கூடாது, தனிக் குழாய் வேண்டும். குழாய் இல்லாமல் சுவரோரம் விட்டால் எலி இருக்கிறது. நான் பார்த்த நெட்வொர்க் கோளாறுகளில் எலி செய்தது கணிசம்! வைஃபை போட்டால் கேபிள் செலவு மிச்சமே என்பார்கள். எக்ஸ்-ரே அறையின் ஈயத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அது திணறும். நிலையான மேஜைக்குக் கேபிள்தான் நல்லது.

இரண்டாவது சர்வர். இதற்கு ராட்சத மெஷின் வேண்டாம். நல்ல ரகத்தில் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் போதும், ஆனால் ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே பதியும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். அதில் டெபியன் போன்ற ஒரு லினக்ஸ், தகவல் தளமாகப் போஸ்ட்கிரஸ் அல்லது மரியா டி.பி., அதன் மேல் மருத்துவ மென்பொருள். சர்வரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2015 டிசம்பரில் சென்னையும் 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளம் பார்த்தன. தரைத் தளத்தில் மாடிப்படிக்கு அடியில் வைக்காதீர்கள். மாடியில், காற்றோட்டமாக, பூட்டிய அறையில் வையுங்கள்.

மூன்றாவது மேஜை மெஷின்கள். இங்கேதான் பணம் மிச்சம். மென்பொருள் சர்வரில் ஓடுகிறது, மேஜையில் உள்ளவர் பிரவுசரில் திறந்து பார்க்கிறார். அதனால் மேஜைக்குப் பழைய மெஷின் போதும். எல்.டி.எஸ்.பி. என்ற முறையில் ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர்கூட நெட்வொர்க் வழியாகச் சர்வரிலிருந்து உயிர் பெற்று எழுந்துவிடும். மேஜை மெஷின் கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட வேண்டியதுதான். உள்ளே எதுவும் இல்லாததால் எதுவும் போகாது. திருடிக்கொண்டு போனாலும் நோயாளியின் ரகசியம் போகாது.

நான்காவது கரண்ட். சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் யு.பி.எஸ். கட்டாயம். ஸ்விட்சை மறந்துவிட்டு, "சர்வர் ஓடுது, ஒருத்தருக்கும் தெரியலை" என்று விழிக்கிறவர்கள் உண்டு. யு.பி.எஸ்.ஸிலிருந்து சர்வருக்கு ஒரு ஒயர் கொடுத்துவிட்டால், பேட்டரி தீரும் நேரத்தில் சர்வர் தானாகவே ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, இன்டர்நெட் இல்லாமலும் கிளினிக் நடக்க வேண்டும். ரோடு தோண்டி லைன் அறுந்தால் ஓ.பி. நின்றுவிடக் கூடாது. நோயாளித் தகவல் கட்டிடத்துக்குள்ளேயே சுற்றட்டும்.

பிறந்த தேதி தெரியாத பாட்டி

வெளிநாட்டு மென்பொருளை அப்படியே போட்டால் முதல் நாளே சண்டை வரும். "முதல் பெயர், கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டம் இருக்கும. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அதனால் பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியலுக்குத் தனிக் கட்டம், அப்பா அல்லது கணவர் பெயர், ஊர் என்று மாற்றினோம். போன் நம்பரை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்றால், ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே போன்.

பிறந்த தேதிதான் பெரிய பிரச்சினை. நாங்கள் எடுத்த மென்பொருளில் அது இல்லாமல் அடுத்த பக்கமே திறக்காது. வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள், "பாட்டி, எப்பப் பொறந்தீங்க?" பாட்டி சொன்னார், "எம்.ஜி.ஆர். மொத தடவை ஆட்சிக்கு வந்தாருல்ல, அப்ப என் மூத்தவனுக்கு நாலு வயசு. நீயே கணக்குப் போட்டுக்கோ தாயி." எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்தது 1977. அப்படியானால் மகன் பிறந்தது 1973 வாக்கில். பாட்டிக்கு அப்போது இருபது என்று வைத்தால்... இந்தக் கணக்கை வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது போட முடியுமா? என்ன செய்வார்கள்? எல்லாருக்கும் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். பொய்த் தகவல் உள்ளே போகும்.

மூடிய மென்பொருளாக இருந்தால் கம்பெனிக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இது திறந்தது. நாங்களே உள்ளே போய், "தோராய வயது" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். தோராயம் என்றால் திரையிலும் தோராயம் என்றே காட்டும், யாரும் அதை நிஜத் தேதி என்று நம்பி ஏமாற மாட்டார்கள். குழந்தைகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அங்கே சரியான தேதியும் எடையும் இல்லாமல் மருந்துப் பக்கம் திறக்காது, ஏனென்றால் குழந்தைக்கு மருந்தின் அளவே எடையைப் பொறுத்தது. மருந்துச் சீட்டில் "காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின்" என்பதைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தோம். "இப்பத்தான் எனக்கே படிக்க முடியுது" என்று ஒரு பெரியவர் சொன்னதை எனக்குக் கிடைத்த பொன்னாடையாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சியைக் கேட்காமல் எதுவும் நடக்காது

ஒவ்வொரு கிளினிக்கிலும் முப்பது வருஷ அனுபவமுள்ள ஒரு கம்பவுண்டர் அண்ணாச்சி இருப்பார். கம்ப்யூட்டர் வந்தால் தன் வேலை போய்விடுமோ என்று அவருக்குக் கவலை. ஒருவர் என்னை நேராகவே கேட்டார்: "ஏன் தம்பி, இந்தப் பெட்டி படுத்துக்கிட்டா நான் நோயாளியைத் திரும்பிப் போகச் சொல்லவா?"

நல்ல கேள்வி. பல இன்ஜினியர்களுக்குத் தோன்றாத கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் நாங்கள் எல்லா இடத்திலும் ஒரு "காகிதப் பெட்டி" வைக்கிறோம். அச்சடித்த வெற்றுச் சீட்டு, தனி வரிசை எண், பேனா. சிஸ்டம் நின்றால் ஐந்தே நிமிஷத்தில் காகிதத்துக்கு மாற வேண்டும், சிஸ்டம் வந்ததும் அந்தச் சீட்டுகளை அன்றைக்கே பதிய வேண்டும். அந்தப் பெட்டியின் பொறுப்பு அண்ணாச்சிக்கு. திரையில் எந்தக் கட்டம் முதலில் வர வேண்டும் என்பதையும் அவரைக் கேட்டுத்தான் வைத்தோம்.

டாக்டர்களுக்கு வேறு கவலை. "நான் நோயாளி முகத்தைப் பார்ப்பேனா, கீபோர்டைப் பார்ப்பேனா?" என்பார்கள். நியாயம்தான். ஆரம்பத்தில் டாக்டர் கையாலேயே எழுதட்டும், அதை ஸ்கேன் செய்து நோயாளி கணக்கில் சேர்ப்போம். ஒவ்வாமை, மருந்து, பரிசோதனை முடிவு இந்த மூன்றை மட்டும் கட்டத்தில் பதிவோம். மற்றது மெதுவாக வரும். லேபிலும் ரத்த அணு எண்ணும் கருவி போன்றவற்றிலிருந்து கேபிள் வழியாக முடிவை நேரே சர்வருக்குக் கொண்டுவர முடியும். கையால் எழுதும்போது 1.1 என்பது 11 ஆகும் ஆபத்து அங்கே இல்லை.

பூட்டும் சாவியும்

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2017 மே 12 அன்று வானாகிரை என்ற கணினிப் புழு உலகமெங்கும் பரவியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை மருத்துவமனைகள் பல முடங்கின. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின, ஆம்புலன்சுகளைத் திருப்பிவிட்டார்கள். அந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது! நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, பல நாள் காகிதத்தில்தான் வேலை நடந்தது.

"லினக்ஸுக்கு வைரஸ் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே 2017 மே மாதம் 24-ம் தேதி, லினக்ஸில் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருளிலும் ஒரு பெரிய ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. (நம் வீட்டுச் சாம்பார் இல்லை, இது ஆஸ்திரேலியாவில் பிறந்தது.) திறமூலம் என்பதால் ஓட்டையே இருக்காது என்பதில்லை. அடைக்கும் திருத்தம் எல்லார் கைக்கும் வரும், அதைப் போட வேண்டியது நம் வேலை. அதற்கு மாதம் ஒரு நாள் குறித்து வையுங்கள்.

அடுத்து, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. எல்லாருக்கும் "டாக்டர்123" என்று ஒன்றே வைத்தால் யார் என்ன பார்த்தார் என்றே தெரியாது. வரவேற்பில் இருப்பவர் டோக்கனைப் பார்த்தால் போதும், அடுத்த தெருக்காரரின் எச்.ஐ.வி. ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டியதில்லை. சின்ன ஊரில் ஒரு செய்தி கசிந்தால் ஒரு குடும்பமே ஊரைக் காலி செய்ய வேண்டி வரும். 2017-ன் எச்.ஐ.வி. சட்டமும் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைக் கடமையாகவே ஆக்கியிருக்கின்றன. மறுபக்கம், நோயாளி தன் ஆவணத்தைக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றும், உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றும் 2002-ன் மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. பூட்டத் தெரிவது மட்டும் போதாது, உரியவருக்குத் திறந்து காட்டவும் தெரிய வேண்டும்.

கடைசியாக பேக்கப். இரண்டு டிஸ்க்கில் பதிவது பேக்கப் ஆகாது. ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும். மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று கட்டிடத்துக்கு வெளியே. டாக்டர் வீட்டு பீரோவில் பூட்டு எழுத்தில் மறைத்த ஒரு டிஸ்க், வாரம் ஒரு முறை மாற்றியபடி இருக்கட்டும். அதைவிட முக்கியம் ஒத்திகை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேறொரு மெஷினில் அந்தப் பிரதியைத் திறந்து, தெரிந்த பத்து நோயாளிகளின் குறிப்பைச் சரி பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

யாருக்கு வேண்டாம்?

நான் வியாபாரி மாதிரிப் பேசக் கூடாது. உரிமத்துக்குப் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் கேபிள், யு.பி.எஸ்., பயிற்சி, மாதாமாதம் பார்த்துக்கொள்ள ஆள், இவற்றுக்குப் பணம் வேண்டும். பார்த்துக்கொள்ள ஆளே கிடையாது என்றால், தயவுசெய்து நல்ல நோட்டுப் புத்தகத்திலேயே தொடருங்கள். அரைகுறை கம்ப்யூட்டரைவிட ஒழுங்கான நோட்டு மேல். மூடிய மென்பொருளை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: "நாளைக்கு நான் உங்களை விட்டுப் போனால், என் நோயாளிகளின் தகவல் முழுவதையும் எல்லாரும் படிக்கக் கூடிய வடிவத்தில் தருவீர்களா?" பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் வைத்தியர் கதை முடிந்துவிடாது. சர்வரின் பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தெரியும், கேபிள் போகும் வழி எனக்கு மட்டும் தெரியும் என்றால், நானும் சூத்திரத்தை மறைக்கும் அந்த வைத்தியன்தான். எனக்கு ஏதாவது ஆனால் கிளினிக் நிற்கும். அதனால் நாங்கள் அமைக்கும் ஒவ்வோர் இடத்திலும் தமிழில் எழுதிய ஒரு நோட்டு இருக்கும். எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்தப் பதிப்பு, எப்படித் திரும்ப நிறுவுவது என்று எல்லாம் அதில் உண்டு. பாஸ்வேர்டுகள் ஒட்டிய கவரில் டாக்டர் பீரோவில். புதிதாக வரும் ஒரு பையனோ பெண்ணோ அந்த நோட்டைப் பார்த்து ஒரே நாளில் எல்லாவற்றையும் திரும்ப எழுப்ப முடிகிறதா என்று சோதித்த பிறகுதான் "வேலை முடிந்தது" என்போம்.

அந்தப் பையனும் பெண்ணும் இங்கேயிருந்து வர வேண்டும் என்பதே என் ஆசை. கணினித் துறையில் வருஷா வருஷம் புராஜெக்ட் என்று எதையோ செய்து, பைண்டு போட்டு, அலமாரியில் வைக்கிறீர்கள். அதற்குப் பதில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ நோயாளித் தகவலைத் தொட வேண்டாம், கற்பனைப் பெயர்களை வைத்துக் கல்லூரி லேபிலேயே முழு நெட்வொர்க்கையும் போட்டுப் பாருங்கள். பழைய மெஷின்கள் ஸ்டோர் ரூமில் எத்தனை தூங்குகின்றன என்று எனக்குத் தெரியும்! கம்ப்யூட்டர் படிக்காத துறையினருக்கும் வேலை இருக்கிறது. நோயாளிக்குப் புரியும் தமிழில் மருந்துக் குறிப்பு எழுத வேண்டும், திரையில் வரும் சொற்களைத் தமிழாக்க வேண்டும். தமிழ்த் துறை மாணவர்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு குழு அமைத்தால், சுற்றுவட்டாரத்துச் சிறிய கிளினிக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் வெளியூர் போனால் இன்னொருவர். முதல் பெயராக என் பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.